கோட்டைக்கு இரண்டு வருடம் மூத்தது

மட்டக்களப்பு வாவியின் நடுவே, புளியந்தீவிலே நிற்கிற கோட்டையை எங்கள் பெரியவர்கள் 'கச்சேரி' என்றே சொல்வார்கள். சுதந்திரத்திற்குப் பின்னும் மாவட்ட நிர்வாகம் நீண்டகாலம் அதற்குள்தான் இயங்கியது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை. 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, நான்கு மூலையிலும் கொத்தளம்.

உள்ளே ஒரு சிறு நூதனசாலையும் உண்டு. கோட்டைக்குள் இருக்கும் நூதனசாலை ஆண்டவர்களின் பக்கமிருந்தே கதையைத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது என் மனதில் நின்றது வேறோர் ஆண்டு: 1626. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தான். சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதாகப் பதிவு இருக்கிறது. இரண்டே வருடத்தில், விரட்டியவர்கள் இங்கும் வந்து கோட்டை எழுப்பினர்.

அந்த மக்கள் ஆளில்லாத கரைக்கு வந்து இறங்கவில்லை. தாய்வழிக் குடிமுறையே அதற்குச் சாட்சி. முக்குவத் தமிழருக்கும் நமக்கும் அது பொதுவானது. உம்மாவின் குடியே பிள்ளையின் குடி; வீடு மகளுக்குச் சீதனம்; பள்ளிவாசல் நிர்வாகத்திலே குடிக்கொரு மரைக்கார். ஒரே குடிக்குள் யார் யார், கலியாணம் பேசக்கூடாதவர்கள் எவர் என்று என் உம்மும்மா விரல்விட்டு எண்ணுவா. ஒரு பிழை வராது.

'வந்தேறிகள்' என்ற சொல்லை நாம் கேட்காதவர்களல்லர். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அந்தச் சொல் இன்னும் பாரமாகிவிட்டது. அதைச் சொல்வோருக்கு ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. இரு சமூகமும் ஒரே குடிமுறையில் வாழ்ந்த கணக்கையும் காட்டவேண்டும்.

கோட்டைக்குக் கல் இருக்கிறது. குடிக்கு வாய்ச்சொல் மட்டுமே. காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை ஒன்று எழுந்தது நல்ல காரியம். ஆனால் உம்மும்மாவின் விரற்கணக்கை யார் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது? என் மகளிடம் "உன் குடி எது?" என்று கேட்டேன். வகுப்பின் பெயரைச் சொன்னாள். அன்றிரவே அவளை இருத்தி, ஒரு கொப்பியில் எழுத வைத்தேன்: உம்மா, உம்மாவின் உம்மா, அவவின் உம்மா. நான்காவது பெயருக்கு மூத்த சாச்சியிடம் போகவேண்டியிருக்கிறது.