வந்த பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள்

வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஓராண்டு பள்ளிக்குப் போய்வரும் மாணவர் பரிமாற்றத்தைப் பற்றி எங்கள் கடலூரில் பேச்செடுத்தால் முதலில் வருவது, "ஒரு வருஷம் வீணாப் போயிடுமே?" என்ற கேள்விதான். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு என் மகள் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது, பார்க்க வந்த உறவினர் எல்லாரும் அதையே கேட்டார்கள். அவளோடு படித்தவர்கள் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அவள் பிளஸ் டூ எழுதினாள். அந்த ஓராண்டு வீணாகவில்லை என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன்.

அது ரோட்டரி சங்கங்கள் நடத்தும் இளைஞர் பரிமாற்றம். பதினைந்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்கள் போகலாம். விமானக் கட்டணம், விசா, காப்பீடு எல்லாம் பெற்றோர் செலவு. ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கு வாடகையோ சாப்பாட்டுப் பணமோ கிடையாது. அவர்கள் மனமுவந்து செய்வது. தன் பிள்ளையை அனுப்புகிறவர் பதிலுக்கு வேறொரு பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். 2011 ஆகஸ்டில் மகள் போனாள். அதே மாதம் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஜெர்மன் பெண் வந்தாள்.

ஜெர்மனி போன மறுநாளே மகள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி அடுக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை குளியலறையைத் தேய்ப்பது அவள் முறை. "வேலை வாங்குறாங்கப்பா" என்று போனில் அழுதாள். ராத்திரியில் சோறு கிடையாது. ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய். இன்னும் வேண்டுமா என்று ஒரு தடவை கேட்பார்கள், போதும் என்றால் எடுத்து வைத்துவிடுவார்கள். நம் வீடுகளில் முதலில் சொல்லும் 'போதும்' கணக்கிலேயே வராது. அதைச் சொல்லிவிட்டு அவள் பல நாள் அரைவயிற்றோடு படுத்திருக்கிறாள். 1888இல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தியும் தங்கிய வீட்டில் இப்படித்தான் பசித்துக் கிடந்தார். அந்த வீட்டுப் பெண்கள் வற்புறுத்தி ஒன்றிரண்டு ரொட்டித் துண்டு கூடுதலாக வைப்பார்களாம். முழு ரொட்டி இருந்தால்தான் அவர் வயிறு நிறையும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். அந்த ஜெர்மன் பெண் தட்டைக் கையில் எடுத்தால் என் அம்மா பிடுங்கிக்கொள்வார். முதல் தோசை அவளுக்கு. துறைமுகத்திலிருந்து வஞ்சிரம் வாங்கி வந்தால் நடுத்துண்டு அவளுக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே அவள் நாற்காலி. அன்பு குறைவில்லாமல் இருந்தது. ஆனால் மாதங்கள் போயும், தமிழில் 'நல்லா இருக்கு' என்பதைத் தாண்டி அவளுக்கு எதுவும் வரவில்லை. கேட்பதற்கு முன்பே எல்லாம் வந்து சேர்ந்துவிடும்போது வாய் திறக்க என்ன தேவை? பள்ளிக்கூடத்தில் சீருடை போட்டு, இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் விருந்தாளியாகவே இருந்தாள்.

டிசம்பர் 30ஆம் தேதி காலையில் 'தானே' புயல் கடலூருக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தோப்பு வைத்திருந்தவர்கள் அந்த இழப்பிலிருந்து மீளப் பல வருடம் ஆயிற்று. ஊர் முழுக்க மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாது, தெருக்கோடி அடிபம்பில் நீண்ட வரிசை. வாசலில் திகைத்து நின்ற பெண்ணைப் பார்த்து அம்மா, "சும்மா நிக்காத பாப்பா, அந்தக் குடத்தத் தூக்கு" என்றார். அவள் தூக்கினாள். வரிசையில் நின்றாள், கை வலிக்க வலிக்கப் பம்பு அடித்தாள், முறிந்து விழுந்த முருங்கையை என்னோடு சேர்ந்து இழுத்துப் போட்டாள். ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மாவோடு உட்கார்ந்து பூண்டு உரித்தாள். இருட்டில் வேறு வேலை இல்லாததால் அம்மா பேசிக்கொண்டே இருந்தார், அவளும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். என் அம்மாவை அவள் 'ஆயா' என்று கூப்பிடத் தொடங்கியது அந்த ராத்திரிகளில்தான்.

போன் லைன் கிடைத்ததும் அவளுடைய தாய் உடனே திரும்பி வரச்சொல்லி அழுதிருக்கிறார். வீட்டில் வேலை கிடக்கிறது, இப்போது வர முடியாது என்று இவள் சொல்லிவிட்டாளாம். பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தை பிறந்ததும் அவள் சிதம்பரத்தில் இரண்டாவது குடும்பத்துக்குப் போனாள். ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் தங்கவைப்பது இந்தத் திட்டத்தின் நடைமுறை. நல்ல நடைமுறை; ஒரே வீட்டில் இருந்துவிட்டால் அந்த வீட்டையே தமிழ்நாடு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் தினமும் மீன், அங்கே சைவம். கத்திரிக்காய் கொத்சும் சம்பா சாதமும் அங்கே பழகினாள். வெளியூர்க்காரர்கள் வந்து படிப்பதும் பாடம் நடத்துவதும் சிதம்பரத்துக்குப் பழகிய விஷயம். 1929இல் அந்த ஊரில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த விபுலாநந்த அடிகள். யாழ்ப்பாணத்தில் பிறந்த தனிநாயகம் அடிகள் தமிழ் முதுகலை படித்ததும் அங்கேதான். மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த மாணவர்களை அந்த ஊர்க் கடைத்தெரு நன்றாக அறியும்.

அந்த வீட்டு அம்மாள் முதல் நாளே அவளுக்கு வாசல் தெளிக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார். சிவராத்திரி சமயத்தில், 1981லிருந்து நடந்துவரும் நாட்டியாஞ்சலி நடன விழாவுக்காக அந்த வீட்டில் விருந்தினர் நிறைந்திருந்தார்கள். நாங்களும் போயிருந்தோம். எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "சர்க்கரை போதுமா மாமா?" என்று கேட்டது அவள்தான். எனக்கு அன்று உண்டான நிறைவை இன்னும் மறக்கவில்லை.

மகளும் அங்கே மாறிப்போயிருந்தாள். தட்டு கழுவுவதை வேலை வாங்குவதாக நினைத்து அழுதவள், திரும்பி வந்ததும் தன் தம்பியையும் கழுவ வைத்தாள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிள்ளையை அனுப்ப ஆசைப்படுகிறவர்கள் பலர். பிறர் பிள்ளையை ஏற்க முன்வருகிறவர்கள் கொஞ்சம். வீடு சின்னது, ஏசி இல்லை, வெஸ்டர்ன் டாய்லெட் இல்லை என்கிறார்கள். சங்கத்தார் வீட்டுக்கு வந்து பார்த்து, விசாரித்துத்தான் குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வசதியைவிட அந்தப் பிள்ளையின் பாதுகாப்பும் வீட்டாரின் மனமும் முக்கியம். இன்னொன்று, இத்தனை செலவு செய்ய முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வாசல் மூடியே கிடக்கிறது. 2022இல் அரசுப் பள்ளி மாணவர்களைத் தமிழக அரசு அமீரகத்துக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போனது, மகிழ்ச்சி. அந்தச் சுற்றுலாக்கள், ஒரு குடும்பத்தில் சில மாதமாவது தங்கிப் படிப்பதாக வளர வேண்டும். கடலூர் மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி ஜெர்மன் வீட்டில் குளியலறை தேய்க்கும் முறைக்காகச் சண்டை போடும் நாள் வர வேண்டும்.

கடலூரிலோ சிதம்பரத்திலோ இருக்கிறவர்கள், ஒரு கட்டில் போட இடமிருந்தால், பக்கத்து ரோட்டரி சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். பிள்ளை வந்ததும் வயிறாரப் போடுங்கள். முதல் வாரத்திலேயே ஒரு வேலையும் கொடுங்கள்.