டாக்டர் அம்மாள் தூங்கட்டும்

சென்ற நவராத்திரியில் ஒரு நாள் மாலை. திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் சந்நிதிக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக வீதி கலகலவென்று இருந்தது. நம் வீட்டுக் கூடத்தில், கொலுப்படிக்கு நாலடி தள்ளி, ஒரு பெண் பாயில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தாள். கொலுவுக்கு வந்த ஸ்திரீகள் பாட்டுப் பாடினார்கள், குழந்தைகள் சுண்டலுக்காகச் சண்டை போட்டன, அவள் அசையவில்லை.

அவள் நம்மிடம் படித்தவள். தகப்பனார் கொத்து வேலை செய்கிறவர். வெளியூரில் ஒரு வைத்தியக் கல்லூரியில் படிப்பை முடித்து, இப்பொழுது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். கிராமத்துக்குப் போகும் வழியில், அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று நம்மைப் பார்க்க வந்தாள். நம் இல்லாள் போட்ட சாதத்தைச் சாப்பிட்டாள். "ஐந்து நிமிஷம் சாய்ந்துகொள்கிறேன், அம்மா" என்றாள். அவ்வளவுதான்.

எதிர் வீட்டுப் பெரியவர் கையில் ஒரு கட்டுக் காகிதங்களுடன் வந்தார். "டாக்டர் அம்மாள் வந்திருக்கிறதாமே! நம்முடைய ரத்தப் பரிசோதனையைச் சற்றுப் பார்க்கச் சொல்லக்கூடாதா?" என்றார். நம்முடைய மாணவி டாக்டர் என்பதில் நமக்கு எவ்வளவு பெருமை என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பெருமையில் நாம் சிறிதும் யோசிக்காமல் அவள் தோளைத் தட்டி எழுப்பினோம்.

அவள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்கும் முன்பே, "எந்த பெட், சிஸ்டர்?" என்று கேட்டாள்.

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பெரியவரின் காகிதங்களை ஒன்றுவிடாமல் பார்த்துப் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவர் போன பிறகு நம்மிடம் சொன்னாள்: "முப்பது மணி நேரம் டியூட்டி பார்த்துவிட்டு நேரே பஸ் ஏறினேன், சார். போன மாதம் இப்படித்தான் ஒரு விடியற்காலையில், ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவை எழுதும்போது நடுவில் வைக்கவேண்டிய புள்ளியை விட்டுவிட்டேன். நர்ஸ் அக்கா பார்த்துவிட்டு, 'டாக்டர், இது பத்து மடங்கு அல்லவா?' என்று கேட்டார். அவர் கேட்டிராவிட்டால்..."

மேலே அவள் சொல்லவில்லை. அன்று இரவு வெகுநேரம் நமக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குழந்தையை நினைத்து மட்டும் அல்ல. நாம் செய்த பழைய பிழை ஒன்றும் நினைவுக்கு வந்தது.

2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு செய்து சட்டம் இயற்றியது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. அந்த முதல் ஆண்டிலேயே இவளுக்கு இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் மாலை போட்டோம், புகைப்படம் எடுத்தோம், பிரசங்கம் செய்தோம். சில மாதங்கள் கழித்து அவள் டெலிபோனில் அழைத்து, "இங்கிலீஷில் பாடம் நடத்துகிறார்கள். எலும்புகளின் பெயர்கூட நாக்கில் நிற்கவில்லை. திரும்பி வந்துவிடலாமா என்று தோன்றுகிறது, சார்" என்று அழுதாள். நாம் என்ன செய்தோம்? "டாக்டராகப் போகிறவள் அழலாமா? ஊர் மானத்தை வாங்காதே" என்று ஒரு பிரசங்கம் செய்தோம். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் நம்மை அழைக்கவே இல்லை. அந்த எட்டு மாதமும் அவள் எப்படித் தனியாகச் சமாளித்தாள் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

வாசலில் மாலை போட்டு அனுப்புவதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதாக நினைப்பது புதுக்கோட்டைக்குத் தகாத வழக்கம். ஏனென்றால், ஒரு பெண் டாக்டராவதற்கு என்னென்ன வேண்டும் என்பதை முதலில் கண்ட ஊர்களில் இதுவும் ஒன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண் பிள்ளைகள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கலாகாது என்று எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரைச் சேர்க்கும்படி உத்தரவிட்டார். 1907-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றிய முதல் பெண்மணி அவரே. பின்னர் சட்டசபையின் துணைத் தலைவராகவும் இருந்து, தேவதாசி முறை ஒழியப் பாடுபட்டதும், 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியதும் தேசம் அறிந்த விஷயங்கள்.

அவருடைய மன உறுதியை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். அந்த உறுதிக்குப் பின்னால் ஒரு தகப்பனார் இருந்தார். ஓர் அரசர் இருந்தார். கதவைத் திறந்துவிட்டவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். இதே ஊரில் நவராத்திரி தோறும் சமஸ்தானத்தில் அரிசியும் ஓர் அம்மன் காசும் தானம் வழங்கும் வழக்கம் இருந்தது. ஒரு காசு சிறியதுதான். ஆனாலும் தன்னை நம்பி வந்தவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்ற எண்ணம் பெரிது.

இனி, இந்த இளம் டாக்டர்களை இப்படி வதைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பயிற்சி பெறும் டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து இரவும் பகலும் வேலை கற்கும் முறை அங்கேதான் உருவெடுத்தது. 'ரெஸிடெண்ட்' என்ற பெயரே, அங்கே குடியிருப்பவர் என்ற பொருளில் வந்ததுதான். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் அதை வகுத்த ஹால்ஸ்டெட் என்பவர் மகா நிபுணர். ஆனால் அவர், கொக்கேன் மருந்தைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கப் போய் அதற்கு அடிமையாகி அவதிப்பட்டவர் என்பதையும் சரித்திரம் சொல்லுகிறது. டாக்டரும் ரத்தமும் சதையுமான மனிதர்தாம்.

1984-இல் நியூயார்க்கில் லிபி ஸையன் என்ற 18 வயது மாணவி ஜுரத்தோடு ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். மறுநாள் காலையில் இறந்துபோனாள். அன்றிரவு அவளைக் கவனித்தவர்கள் நீண்ட நேர வேலையில் இருந்த பயிற்சி டாக்டர்கள். பத்திரிகைக்காரரான தகப்பனார் சும்மா இருக்கவில்லை. மகளைப் பறிகொடுத்த அவர் நடத்திய போராட்டத்தின் பயனாக, பயிற்சி டாக்டர்கள் வாரத்துக்கு 80 மணிக்கு மேலும், தொடர்ந்தாற்போல் 24 மணிக்கு மேலும் வேலை செய்யக்கூடாது என்று 1989-இல் நியூயார்க் மாகாணம் விதி செய்தது. 2003-இல் அமெரிக்கா முழுவதும் 80 மணி வரம்பு வந்தது. இங்கே கவனிக்கவேண்டியது என்னவென்றால், டாக்டரின் தூக்கத்துக்காக வாதாடியவர் நோயாளியின் தகப்பனார்!

நம் தேசத்தில் விதி இல்லாமல் இல்லை. 1992-இல் மத்திய சர்க்கார் வகுத்த ரெஸிடெண்ட் திட்டத்தில், சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணிக்கு மேல் தொடர்ந்த வேலை கூடாது என்று இருக்கிறது. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம், முதுநிலை மாணவர்களுக்கு நியாயமான வேலை நேரமும், நியாயமான ஓய்வும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் வேண்டும் என்று விதித்தது. 'நியாயம்' என்பது எத்தனை மணி என்று அதில் சொல்லப்படவில்லை. 2024-இல் அந்த ஆணையம் அமைத்த பணிக்குழு வாரத்துக்கு 74 மணிக்கு மேல் போகலாகாது என்று சிபாரிசு செய்தது. 1948-இல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம் இயந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளிக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. உயிரின் அருகில் நிற்கிறவர்களுக்கு 74 மணி என்பதே ஒரு சலுகையாகத் தோன்றும் நிலைமையில் நாம் இருக்கிறோம்.

அதே பணிக்குழு 25,590 இளநிலை மாணவர்களையும் 5,337 முதுநிலை மாணவர்களையும் விசாரித்தது. மனநலக் குறைபாடு தமக்கு இருப்பதாக இளநிலையில் 27.8 சதவீதத்தினர் தெரிவித்தார்கள். முதுநிலையில் 31 சதவீதத்தினர் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் தமக்கு வந்ததுண்டு என்று சொன்னார்கள். கணக்கு வாத்தியார் என்ற முறையில் சதவீதங்களைப் பார்த்து நாம் சாதாரணமாகக் கலங்குவதில்லை. ஆனால் அன்று டெலிபோனில் அழுத குரலை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படித்தபோது, காகிதத்தைக் கீழே வைத்துவிட்டோம்.

அதே 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி கல்கத்தா ஆர்.ஜி. கர் வைத்தியக் கல்லூரியில் நடந்த கொடுமையை மறக்க முடியுமா? நீண்ட வேலைக்குப் பிறகு கருத்தரங்கக் கூடத்தில் கண்ணயர்ந்த முதுநிலைப் பெண் டாக்டர் அங்கேயே கொல்லப்பட்டார். தேசம் கொதித்தது. டாக்டர்களின் பாதுகாப்புக்கு ஆலோசனை கூற ஒரு தேசியப் பணிக்குழுவைச் சுப்ரீம் கோர்ட் அமைத்தது. இரவெல்லாம் ஊராரின் உயிரைக் காக்கிற பெண்ணுக்கு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்க ஓர் அறை இல்லை. ராஜ்யத்தைப் பற்றி எத்தனையோ பெருமை பேசுகிற நாம் இதற்கு வெட்கப்படவேண்டாமா?

விதிகளைச் சர்க்கார் செய்யட்டும். செய்த விதியை ஆஸ்பத்திரிகள் நடத்தட்டும். அதைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு நோயாளியின் குடும்பத்துக்கும் உண்டு. ஆனால் வீட்டில் இருக்கிற நாம் செய்யக்கூடியதும் உண்டு. அதற்கு ஒரு வழியை வைத்தியப் பாடத்திட்டமே காட்டுகிறது. அதில் 'குடும்பத் தத்தெடுப்பு' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. முதல் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்காக அவர்களுடைய தேக நிலையைக் கவனித்து வரவேண்டும். நல்ல ஏற்பாடு. இதையே திருப்பிச் செய்தால் என்ன? மாணவர் குடும்பங்களைத் தத்தெடுப்பது போல, ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாணவரைத் தத்தெடுத்துக்கொள்ளக்கூடாதா?

நமக்கு வசதியும் இருக்கிறது. ஒரு காலத்தில் புதுக்கோட்டையில் கடுமையான நோய் என்றால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஐம்பது அறுபது கிலோமீட்டர் வண்டி கட்டினோம். 2017-இல் நம் ஊருக்கே அரசு வைத்தியக் கல்லூரி வந்துவிட்டது. ஆண்டுதோறும் 150 பிள்ளைகள் சேருகிறார்கள். எத்தனையோ ஜில்லாக்களிலிருந்து வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு போட நம்மால் முடியாதா? சாப்பிட்ட பின் ஒரு பாயும் தலையணையும் கொடுத்துக் கதவைச் சாத்த முடியாதா? தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் துணையாக இருக்கலாம். வீட்டுக்கு வந்த டாக்டர் பிள்ளையிடம் "மேல்படிப்பு எப்போது? கல்யாணம் எப்போது?" என்று கேட்பதற்கு முன், "தூங்கினாயா? சாப்பிட்டாயா?" என்று கேட்கலாம். ஆஸ்பத்திரியில் நம் கோபத்தையெல்லாம் கையில் அகப்பட்ட இளம் டாக்டரிடம் காட்டாமல் இருக்கலாம். படுக்கை இல்லாததற்கும் மருந்து வராததற்கும் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஆஸ்பத்திரியில் வன்முறை செய்தால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் செய்தார்கள். சட்டத்துக்குப் பயந்து அல்ல, நம் வீட்டுப் பிள்ளை என்று எண்ணிக் கையைக் கட்டிக்கொள்வதே அழகு.

எல்லாவற்றுக்கும் மேலாக, அழுதால் அழ விடவேண்டும். 'டாக்டர் அழலாமா?' என்ற கேள்வியை நாம் கேட்டு அறிந்துகொண்ட பாடம் இது. மனம் உடைந்த பிள்ளைக்கு 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தரலாம். ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் அந்தப் பிள்ளை அழைக்கக்கூடிய வேறொரு எண்ணும் இருக்கவேண்டும். அது நம் வீட்டு எண்ணாக இருக்கட்டும்.

அன்று மாலை அவளுடைய பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "மறுபடியும் சற்றுப் படுத்துக்கொள், அம்மா" என்றோம். அவள் தயங்கினாள். "சார், பஸ்ஸுக்கு எழுப்பிவிடுவீர்களா?" என்று கேட்டாள். இந்தத் தடவை கூடத்தில் அல்ல, உள் அறையில் பாயை விரித்தாள் நம் இல்லாள். சிறிது நேரத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து இன்னொருவர் காகிதக் கட்டுடன் வந்துவிட்டார். எதிர் வீட்டுப் பெரியவர் வழியாகச் செய்தி பரவியிருக்கிறது!

"டாக்டர் அம்மாள் இருக்கிறார்களா?"

"இருக்கிறார்கள், தூங்குகிறார்கள்" என்று சொல்லி, வந்தவருக்குச் சுண்டலும் தாம்பூலமும் கொடுத்து அனுப்பினோம்.

பிறகு ஏழு மணி பஸ்ஸுக்கும் அவளை எழுப்பவில்லை. தகப்பனாருக்கு டெலிபோன் செய்து, காலையில் வருவாள் என்று சொல்லிவிட்டோம். "தூங்கட்டுங்க சார்" என்றார் அந்த மனிதர். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.