அடித் துண்டு

எண்களை வரிசையாக எழுதினால் கண் அயர்ந்துவிடுகிறது. படமாகப் போட்டால் நிமிர்ந்து உட்காருகிறது. 1786-ல் வில்லியம் பிளேஃபேர் என்பவர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டை பட்டையாக வரைந்தபோதே இந்த ரகசியம் வெளியாகிவிட்டது.

மடவார் வளாகத்தில், வைத்தியநாதசுவாமி கோயிலுக்கு அருகே குடியிருக்கும் பால்கோவாக் கடை அண்ணாச்சி ஒருவரின் மகள், கடையின் மாதச் செலவைப் பைதானில் நிரல் எழுதி அடுக்குப் பட்டைகளாக்கினாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். அடியில் பால், அதன்மேல் சர்க்கரை, பிறகு விறகு, உச்சியில் கூலி. முந்திய துண்டு முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டும் என்று நிரலில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாத் துண்டுகளும் தரையிலேயே நின்று ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். மாதங்களும் முதலில் குழம்பின. இயந்திரம் ஆங்கில அகரவரிசைப்படி ஏப்ரலையும் ஆகஸ்டையும் முன்னால் நிறுத்திவிட்டது. அதற்குக் காலண்டர் ஏது?

"எல்லா மாசமும் ஏறக்குறைய ஒரே உயரந்தானே! கூலியிலே என்ன குறை?" என்றார் அண்ணாச்சி.

"கொஞ்சம் பொறுங்கப்பா" என்று அவள் வரிசையை மாற்றினாள். கூலி அடிக்கு வந்தது. பன்னிரண்டு மாதக் கூலியும் ஒரே தரையில் நின்றதும் சங்கதி வெளிப்பட்டது: பால் செலவு ஏறிய மாதமெல்லாம் கூலி இறங்கியிருந்தது. அடுப்படியில் நின்று கிண்டுகிறவர்களுக்கு இதை அறியப் படம் வேண்டியிருந்திராது.

அடுக்குப் பட்டையில் அடித் துண்டுக்குத்தான் சமதரை. மற்றவை பிறர் தோளில் நிற்பவை. அவற்றின் ஏற்றத்தாழ்வு கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. ஆகவே, எது மனத்தை உறுத்துகிறதோ அதையே அடியில் வையுங்கள்.

அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. அடுத்த மாதப் பட்டையில் கூலித் துண்டு சற்று வளர்ந்திருந்தது.