‘வா’ படுத்தும் பாடு

பிரெஞ்சுக்காரர் தம் நாட்டை வாழ்த்தும்போது ‘வீவ் லா பிரான்ஸ்’ என்பர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த புதுச்சேரிக்கு இது பழகிய வாக்கியம். இதிலுள்ள ‘வீவ்’ நம்முடைய ‘வாழ்க’ தான். நடந்ததைச் சொல்லாமல், நடக்க வேண்டுமென விழையும் வினை அது. நம் இலக்கணத்தில் ஏறக்குறைய வியங்கோள். அவர்கள் இலக்கணத்தில் ‘சுப்ஜோங்க்தீஃப்’.

நமது மணவாளக்குறிச்சிக்குக் கருமணலால் பெயர் உண்டே தவிரப் பிரெஞ்சால் இல்லை. ஆயினும் நம்மிடம் படித்த கடற்கரைப் பெண் ஒருத்தி, பிரான்ஸில் மேற்படிப்பை நாடி அந்தப் பாஷையைக் கற்கிறாள். கல்லூரியில் நாம் பிரெஞ்சு படித்திருந்தபடியால், சந்தேகங்கள் நம்மிடமே வந்து சேர்ந்தன.

‘வெனீர்’ என்னும் வினை அவளைக் கலங்கடித்தது. ‘வெனீர்’ என்றால் ‘வா’. ‘நான்’ என்றால் ‘வியென்’. ‘நாங்கள்’ என்றால் ‘வெனியோங்’.

“வேர் ஏன் இப்படி மாறுகிறது, சாரே?” என்றாள்.

“நம் ‘வா’ மட்டும் ஒழுங்கோ? வருகிறான், வந்தான், வாரான் என்று எத்தனை வேஷம்!” என்றோம்.

பிரெஞ்சில் இதற்குச் சூத்திரமும் உண்டு. ‘அவர்கள் வருகிறார்கள்’ என்னும் வினையில் கடைசி மூன்று எழுத்தை நீக்கினால் ஒரு வேர். ‘நாங்கள் வருகிறோம்’ என்பதில் அவ்வாறே நீக்கினால் மற்றொன்று. நாங்கள், நீங்கள் இரண்டுக்கும் பின்னது; ஏனையவற்றுக்கு முன்னது. ‘செய்’ என்னும் பொருளுடைய ‘ஃபேர்’ போன்ற சில முரட்டு வினைகளே இதற்கு அடங்கா. அவற்றுக்கு மனப்பாடமே கதி.

எங்கே எதை வழங்குவது என்பதே கடினம். ‘அவள் வருகிறாள் என்று அறிவேன்’ என்றால் உறுதி வினையாகிய ‘வியாங்’. ‘வர வேண்டுமென விரும்புகிறேன்’ என்றால் ‘வியென்’. ‘வராமற் போவாளோ’ என்ற அச்சத்துக்கும் ‘வியென்’ தான். ஆனால் ‘வருவாள் என்று நம்பியிருக்கிறேன்’ என்றால் பிரெஞ்சுக்காரர் மீண்டும் உறுதி வினைக்கே திரும்பி விடுகிறார்கள். ஆசையையும் அச்சத்தையும் ஒரு பந்தியிலும், நம்பிக்கையை உண்மையோடு வேறு பந்தியிலும் உட்கார்த்துகிறது அந்த இலக்கணம்.

பாடம் நடக்கையில் பெண்ணின் தாயார் அருகில் இருந்தார். கணவரை இழந்தவர், மீன் விற்று மகளைப் படிக்க வைத்தவர்.

“தூர தேசம் போனா பிள்ளை திரும்பி வருமா, சாரே? வரணுமே!” என்று கண் கலங்கினார்.

நாம் பதில் தேடுமுன் மகள் முந்திக் கொண்டாள்:

“வரணுமேண்ணு கலங்காண்டாம்மா. வருவாண்ணு நம்பு.”

இலக்கணம் அவளுக்கு விளங்கிவிட்டது. தாயாருக்கும் ஓரளவு விளங்கியிருக்க வேண்டும்.