மூன்றாவது துவாரம்

கரியடுப்பைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நம் சங்கத்து அன்பர்களில் சிலர் நகைக்கக் கூடும். எரிவாயு வீடு தேடி வரும் இந்நாளில் கரியடுப்புக்கு என்ன வேலை என்று என் மனைவியும் முதலில் கேட்டாள். ஆயினும் இந்த அடுப்பு எனக்குப் புகட்டிய பாடம், குளிர்காலத்தில் கரி நெருப்பை நாடும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது. ஆகவே கூச்சத்தை ஒதுக்கிவிட்டு எழுதுகின்றேன்.

எங்கள் குடும்பம் ஜாம்ஷெட்பூரில் வேரூன்றி இரண்டு தலைமுறைகள் ஆகின்றன. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து எஃகாலை வேலையை நாடி வந்தவர். நானும் அத்தொழிலிலேயே புகுந்து, ஊது உலைப் பகுதியில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றேன். நெருப்பைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற செருக்கும் ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் எதிர் வீட்டு நண்பர் ஊரை விட்டுப் புறப்பட்டார். அவருடைய தோட்டத்து மூலையில் உருண்டையான ஓர் இரும்புப் பொருள் மூன்று கால்களில் சாய்ந்து நின்றது. "பழைய இரும்புக்காரனுக்குப் போடப்போகிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். கெட்டில் கிரில் என்று சொல்கிறார்களே, அந்தக் கரியடுப்புத்தான் அது. நான் கைகொண்ட முதல் கெட்டில் அதுவே.

இந்த அடுப்பின் வரலாறு சுவையானது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகர்ப்புறத்தில் ஓர் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், காற்றும் மழையும் தம் திறந்த அடுப்பின் சமையலைக் கெடுப்பதைக் கண்டு சலித்தார். அவருடைய பட்டறையில் நீரில் மிதக்கும் மிதவைகளுக்கான இரும்பு உருண்டைகள் செய்துவந்தார்கள். அத்தகைய ஓர் உருண்டையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதிக்குக் கால்களும் மேற்பாதிக்குப் பிடியும் வைத்தார். காற்று புகவும் வெளியேறவும் துவாரங்கள் அமைத்தார். அடுப்பு பிறந்துவிட்டது.

அதன் தத்துவம் நம் தாய்மாருக்குப் புதிதன்று. என் அன்னையார் வைத்திருந்த குமுட்டி அடுப்பின் அடிவாயில் பனையோலை விசிறியால் வீசினால் கரி கனலும். வீசுவதை நிறுத்தினால் தணியும். கெட்டிலில் அந்த விசிறியின் வேலையைத் துவாரங்கள் செய்கின்றன. கீழ்த் துவாரங்களின் வழியே காற்று உள்ளே நுழைகின்றது. மூடியின் மேல் துவாரத்தின் வழியே சூடான காற்றும் புகையும் வெளியேறுகின்றன. துவாரத்தைத் திறந்தால் நெருப்பு ஓங்கும்; குறைத்தால் அடங்கும். எல்லாவற்றையும் மூடினால் கரி மெல்ல அவியும். எஞ்சியதை மறுநாளைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

செப்பனிடும் வேலை ஏறக்குறைய ஒரு மாதம் நடந்தது. மூடியின் உட்புறத்தில் கருமையான செதில்கள் உரிந்து தொங்கின. எனாமல் பூச்சுத்தான் உதிர்கிறது என்று மனைவி அஞ்சினாள். அது எனாமல் அன்று. பல ஆண்டுகளாகப் படிந்து கரியாகிவிட்ட எண்ணெய்ப் பிசுக்கு. தேய்த்துக் கழுவியதும் அடியில் எனாமல் பளபளத்தது. ஈரச் சாம்பல் தேங்கிக் கிடந்த அடிப்பகுதியோ துருவேறி இருந்தது. கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பொறுமையுடன் சுரண்டினேன். உணவு வைக்கும் கம்பித் தட்டு வளைந்து உடைந்திருந்தது. கடைக்காரர் துத்தநாகம் பூசிய வலை ஒன்றை மலிவு விலைக்கு நீட்டினார். வேண்டாம் என்றேன். அப்பூச்சு கடுஞ்சூட்டில் நச்சுப் புகையை எழுப்பும். பற்றவைப்புத் தொழிலாளர் பலர் அதனால் காய்ச்சல் கண்டதை நான் பார்த்திருக்கின்றேன். வெறும் இரும்புக் கம்பிகளைக் கொண்டு புதுத் தட்டு செய்வித்து, புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போல் எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கினேன்.

பழுது நீக்கியதோடு மனம் அமையவில்லை. அலங்காரம் செய்யும் ஆசை பிறந்தது. மூடியின் மரப்பிடி பிளந்திருந்தது. அன்னையார் பயன்படுத்திய அரிவாள்மணையின் பலாப்பலகை பரணில் கிடந்தது. அதிலிருந்து ஒரு துண்டை அறுத்துப் புதுப் பிடி செய்தேன். பிறகு மூடியில் ஒரு வெப்பமானி பொருத்த விரும்பினேன். எனாமலில் துளையிடுவது கண்ணாடியில் துளையிடுவதற்கு ஒப்பானது. சற்று அவசரப்பட்டால் தெறித்துவிடும். ஒட்டு நாடாவை ஒட்டி, சிறிய அலகால் மெதுவாகத் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்கினேன். ஒரு முழுப் பகல் ஆயிற்று. வட்டமான அந்த வெப்பமானி மூடியின் நெற்றியில் பொட்டு வைத்தாற்போல் விளங்கியது. தெருவில் போவோர் வருவோரை எல்லாம் அழைத்துக் காட்டினேன்.

ஒரே ஒரு வேலையை மட்டும் ஒத்திவைத்தேன். கீழே இருந்த மூன்று துவாரங்களுக்கும் தனித்தனியே மூடுதகடுகள் உண்டு. இரண்டைச் சரி செய்தேன். மூன்றாவது தகடு, துருவேறிப் பாதி திறந்த நிலையில் இறுகிக் கிடந்தது. அது அடியில் இருந்தமையால் யார் கண்ணுக்கும் படாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் முதன்முதலாக அடுப்பை மூட்டினோம். பக்கத்து வீட்டுப் பீகார் அம்மையார், சத்துமாவைப் பூரணமாக வைத்த லிட்டி உருண்டைகளுடன் வந்தார். கரியை ஒரு புறம் ஒதுக்கி, மறுபுறத்தில் அவற்றை வைத்து மூடினோம். நேர்நெருப்புப் படாமல், உள்ளே சுழலும் வெப்பத்தால் அவை கருகாமல் வெந்தன. கனலின் மேல் சுட்ட கத்தரிக்காய் அவர் கையில் சோக்கா ஆயிற்று. என் மனைவியின் கையில் கொத்சு ஆயிற்று. இரண்டையும் இரு வீட்டாரும் மாற்றி மாற்றிச் சுவைத்தோம்.

நிற்க. நான் சொல்ல வந்த செய்தி இனிமேல்தான்.

மார்கழியில் ஓர் இரவு. சமையல் முடிந்து துவாரங்களை மூடிய சிறிது நேரத்தில் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. அரும்பாடுபட்டுத் துரு நீக்கிய அடுப்பு நனையலாமா என்று பதறி, அதைத் தூக்கிச் சென்று கண்ணாடி அடைத்த தாழ்வாரத்தில் வைத்தேன். குளிருக்கு அஞ்சி வெளிக்கதவையும் சாத்தினேன். தாழ்வாரத்தை அடுத்த அறையில் மனைவி உறங்கச் சென்றாள். நான் முன்னறையில் படித்துக்கொண்டிருந்தேன்.

இரவு பத்தரை மணியளவில் ஏதோ விழுந்த ஓசை கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். எழ முயன்ற மனைவி தரையில் கிடந்தாள். "தலை வெடிக்குதுங்க, வயித்தைப் புரட்டுது" என்று முனகினாள். அப்போதுதான் என் தலையும் கனப்பதை உணர்ந்தேன். புகை இல்லை, நாற்றம் இல்லை. தாழ்வாரத்து இருளில், அடுப்பின் அடியில், மூன்றாவது துவாரத்தின் வழியே ஒரு செந்நிறக் கீற்று மட்டும் தெரிந்தது.

கதவுகளை எல்லாம் திறந்து அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அடுத்த வீட்டு இளைஞர் தம் காரில் ஏற்றிச் சென்றார். மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்தார்கள். மறுநாள் மாலை நலமாக வீடு திரும்பினாள். அங்கிருந்த மருத்துவர் என்னிடம் ஹிந்தியில், "ஐயா என்ன வேலையில் இருந்தீர்கள்?" என்று வினவினார். ஊது உலையில் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

அந்த மௌனம் என்னைச் சுட்டது போல் எந்த உலையும் சுட்டதில்லை. ஊது உலையிலிருந்து வெளிப்படும் வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் செந்நிறப் பொருளைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது பற்றிக்கொள்ளும். இவற்றை எல்லாம் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு ஆண்டுதோறும் எடுத்துரைத்தவன் நான். காற்றுக் குறைந்த இடத்தில் கனலும் கரி அதே நஞ்சைத்தான் கக்குகின்றது என்பதும் அறிந்தவன். ஆலையில் வாயுமானி இன்றி அடியெடுத்து வைக்காத நான், வீட்டுக்குள் ஒரு சிறு உலையைக் கொண்டுவந்து வைத்தேன்.

என் அன்னையார் பள்ளிக்கூடம் கண்டவர் அல்லர். ஆயினும் குமுட்டியில் கனல் இருக்கும் வரையில் அதைப் பின்முற்றத்தை விட்டு உள்ளே எடுத்துவர மாட்டார். எத்தனை குளிரானாலும் சரிதான். "கரி மூச்சு ஆளைத் தூக்கிரும்டா" என்பார். அந்த நஞ்சின் பெயர் அவருக்குத் தெரியாது. அதன் குணம் தெரிந்திருந்தது. எனக்குப் பெயர் மட்டும் தெரிந்திருந்தது.

மறுவாரம் அடுப்பைக் கவிழ்த்துப் போட்டு, இறுகிய ஆணியைத் துளைத்து எடுத்தேன். பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை வெட்டிப் புதுத் தகடு செய்து, மரையாணியால் முடுக்கினேன். அரை மணி நேர வேலை. காப்பியுடன் வந்த மனைவி சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி மூக்கு சரியா இருக்கான்னு பார்த்திருக்கலாமே" என்றாள். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இப்போது மூன்று துவாரங்களும் நன்றாகவே மூடுகின்றன. ஆனால் அதை நம்பி நான் அடுப்பை உள்ளே கொண்டுவருவதில்லை. மூடிய பின்னும் கரி நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். மழை பெய்தால் அடுப்பு நனையட்டும், துருவைச் சுரண்டிவிடலாம். சாம்பல் முற்றும் ஆறிய பின், மறுநாள் காலையில்தான் அதைத் தொடுகின்றேன்.

வடபுலத்துக் குளிரில் வாழும் நம்மவர் வீடுகளில் இன்றும் அங்கீட்டியோ கரிச்சட்டியோ இருக்கக் கூடும். வெளியே மூட்டுங்கள், சுற்றி அமர்ந்து குளிர் காயுங்கள், கத்தரிக்காயும் சுடுங்கள். கதவடைத்த அறைக்குள் மட்டும் அதை அழைக்காதீர்கள். வரும் ஞாயிறன்று எங்கள் முற்றத்தில் அடுப்பு மூட்டுகின்றோம். கொத்சு செய்வதாக மனைவி சொல்லியிருக்கின்றாள். அடுப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை இப்போது அவள்தான் தீர்மானிக்கின்றாள்.