சான்றோர் என்பவர் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஆண்டு விழாவோ, நூல் வெளியீடோ, இரங்கல் கூட்டமோ, அழைப்பிதழில் 'சான்றோர் பெருமக்கள்' என்ற சொல் வந்துவிடுகிறது. பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்பவர் என்றே பலரும் அதற்குப் பொருள் கொள்கிறோம். ஆனால் சொல்லின் வேர் வேறு.

'சால்' என்றால் நிறைதல், மிகுதல். 'சாலச் சிறந்தது' என்கிறோமே, அந்தச் 'சால'தான். மிகுதியைக் குறிக்கும் ஆறு உரிச்சொற்களை நன்னூலில் படித்தீர்களே, அதில் முதலில் வருவது இது. தெலுங்குக்காரர்கள் பந்தியில் 'போதும்' என்பதற்குச் 'சாலு' என்பார்கள். அதுவும் இந்த வேர்தான். ஆக, சான்றோர் என்றால் நிறைந்தவர். எதனால் நிறைந்தவர்?

புறநானூறு 312ஆம் பாடலில், மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை என்கிறார் பொன்முடியார். அடுத்து அவர் சொல்வது கொல்லன் வேல் வடித்துத் தருவதை. எனவே அங்கே சான்றோன், வீரத்தால் நிறைந்தவன். வள்ளுவரிடம் வரும்போது குணத்தால் நிறைந்தவர் ஆகிறார். திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம், அறிவுடைமை 43, சான்றாண்மையோ 99. சால்பைத் தாங்கும் தூண்கள் என்று அவர் சொல்லும் ஐந்து: அன்பு, பழிக்கு நாணுதல், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை. இதில் படிப்பு இல்லை. படிப்பு வேண்டாம் என்றவரல்லர் வள்ளுவர். இரண்டையும் ஒன்றாக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் பழைய மாணவர் சந்திப்பு அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒருவன் தொலைபேசியில் பேசினான். "ஐயா, சான்றோர்களை மேடையேத்தறோம்னு போட்டிருக்காங்க. நான் ஒன்பதாவதோட நின்னவன். மேடைப் பக்கம் வரலைங்க, பந்தி வேலையைப் பாத்துக்கறேன்."

சைக்கிள் கடை வைத்திருப்பவன். கூடப் படித்தவன் படுத்த படுக்கையானபோது, இரண்டு வருடம் தினமும் கடையைப் பூட்டிவிட்டுப் போய் அவனைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்தவன் இவன்தான். உங்களில் பலருக்கு இது தெரியும். கண்ணோட்டம் என்ற சொல்லுக்கு நான் கரும்பலகையில் எழுதிய விளக்கத்தைவிட இவன் செய்தது தெளிவானது. சான்றோர் என்று யாரையாவது மேடையேற்றுவதானால் முதலில் இவனை ஏற்றுங்கள்.

முனைவர் பட்டம் பெற்ற பிள்ளைகள் தவறாக எண்ண வேண்டாம். உங்களால் எனக்குப் பெருமைதான். உங்களை அழைக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை: பட்டதாரி, கல்வியாளர், வல்லுநர், அறிஞர். சான்றோர் என்ற சொல்லைப் படிப்பு மட்டும் வாங்கித் தராது. நீங்களும் அந்த ஐந்தையும் சேர்த்துக்கொண்டால் அது தானே வந்து சேரும்.

உங்கள் தெருவில், குடும்பத்தில் அப்படி நிறைந்த மனிதர் ஒருவர் இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.