அண்டர்டேக்கர் என்ன விலை?

ஒரே ஒரு அட்டை. விலை நூறு கோடி ரூபாய். நம்புவீங்களா பாஸ்?

2022 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஏலம் போச்சு. மிக்கி மேன்டில்னு ஒரு பேஸ்பால் வீரர். அவர் படத்தைப் போட்டு 1952-ல் டாப்ஸ் கம்பெனி பபிள்கம்மோடு சேர்த்து வித்த அட்டை. உள்ளங்கையில் அடங்கிடும். அதை 12.6 மில்லியன் டாலர் கொடுத்து ஒருத்தர் வாங்கியிருக்கார்.

இந்த வீடியோவை யாரோ புண்ணியவான் எங்க சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வெச்சுட்டாங்க. அன்னிக்குச் சாயந்திரமே, முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கத்தில் இருக்கிற அவர் வீட்டுப் பரணில் இருந்து துருப்பிடிச்ச பிஸ்கட் டின் ஒண்ணு கீழே இறங்கிருச்சு. உள்ளே 214 அட்டைகள். டபிள்யூ.டபிள்யூ.எஃப் டிரம்ப் கார்டு ஒரு கட்டு, கிரிக்கெட் டிரம்ப் கார்டு ரெண்டு கட்டு, ‘பிக் ஃபன்’ பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் வீரர்கள் படம் ஒரு கத்தை.

‘‘நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே... இதுக்கு விலை பார்த்து வித்துக் குடுடா. ஒரு லட்சம் தேறுமா?’’

நான் படிக்கிறது மெக்கானிக்கல், மூணாவது வருஷம். அட்டைக்கு விலை போடுறது சிலபஸ்ல இல்லை. ஆனா, சிரிக்க முடியலை. சித்தப்பா ஆஃப்செட் பிரஸ்ல மெஷின்மேன். திருவல்லிக்கேணியில் 22 வருஷம் வேலை பார்த்த பிரஸ்ஸை மூடிட்டாங்க. கல்யாணப் பத்திரிகையே இப்போ வாட்ஸ்அப்பில்தானே வருது! தங்கச்சி இந்த வருஷம்தான் காலேஜ் சேர்ந்திருக்கா. லேப்டாப் இல்லாம அசைன்மென்ட் மொத்தத்தையும் போன்லயே தட்டித் தட்டி அனுப்புறா. அதனால சித்தப்பா கேட்ட ‘ஒரு லட்சம்’ ஜோக் இல்லை.

டிரம்ப் கார்டு தெரியாத ஜூனியர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு மல்யுத்த வீரர். ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயிச்ச சண்டைனு பயோடேட்டா மாதிரி நம்பர்கள் இருக்கும். ‘எடை’னு நான் என் நம்பரைச் சொல்லணும், உன் அட்டையில் அதைவிடக் கம்மின்னா அட்டை எனக்கு. யோகோசூனா கையில் இருந்தா எடை, ஜெயன்ட் கோன்சாலஸ் இருந்தா உயரம். கண்ணை மூடிக்கிட்டு ஜெயிக்கலாம். நாங்க ஸ்கூல் படிக்கும்போது டாப்ஸ் கம்பெனியோட ‘கிரிக்கெட் அட்டாக்ஸ்’ வெச்சு விளையாடினோமே, அதுக்கு இதெல்லாம் பெரியப்பா முறை!

சரி, விலையை யார்கிட்ட கேட்கிறது? மாட வீதிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கார். ரொம்ப வருஷமா ஸ்டாம்ப் வியாபாரம். டின்னைத் தூக்கிக்கிட்டுப் போனோம். ‘‘எல்லாம் முப்பது வருஷத்துக்கு மேல பழசு சார்’’னு சித்தப்பா ஆரம்பிச்சார்.

‘‘பழசுன்னா விலைன்னு யார் சொன்னா? எங்காத்து அம்மிகூடத்தான் பழசு!’’

அப்புறம் ஒரு ஆல்பத்தைப் புரட்டிக் காட்டினார். 1948 ஆகஸ்ட் 15-ல், சுதந்திரம் கிடைச்சு ஒரு வருஷம் ஆனதுக்கு நாலு காந்தி ஸ்டாம்ப் வெளியிட்டாங்க. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். நாலும் சுவிட்சர்லாந்தில் ஒரே அச்சகத்தில் அச்சானது. ஒன்றரை அணா ஸ்டாம்ப்பை அப்போ எல்லாரும் வாங்கினாங்க, ஒட்டினாங்க. இன்னிக்கும் மலிவுதான். 10 ரூபாய் அந்தக் காலத்தில் பெரிய பணம், வாங்கினவங்க கொஞ்சம் பேர். அதனால அதுக்கு மவுசு. அதே 10 ரூபாய் ஸ்டாம்ப்பில் ‘சர்வீஸ்’னு மேலே அச்சடிச்சு, கவர்னர் ஜெனரல் ஆபீஸுக்காக நூறே நூறு கொடுத்தாங்களாம். அதில் நாலு ஸ்டாம்ப் சேர்ந்த ஒரு துண்டு 2017-ல் இங்கிலாந்தில் 5 லட்சம் பவுண்டுக்குப் போயிருக்கு. ஒரே நாள், ஒரே காந்தி, ஒரே அச்சகம்... விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும்!

‘‘எத்தனை மிச்சம் இருக்கு, எப்படி இருக்கு, எவனுக்கு வேணும்... இந்த மூணையும் பாருங்கோ. வயசைப் பார்க்காதீங்கோ’’ன்னு சொல்லி, பத்து மடங்கு பெரிசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணையும் இரவல் கொடுத்தார். காபியும் கொடுத்தார், சும்மா சொல்லக் கூடாது... டிகிரி காபி!

அந்த மேன்டில் அட்டைக்கும் இதே கதைதான். 1952-ல் அந்த வரிசை கடைக்கு வந்தப்போ பேஸ்பால் சீசனே முடியப்போகுது. குவியல் குவியலா விக்காம தங்கிருச்சு. 1960-ல் அதையெல்லாம் படகுல ஏத்திக்கிட்டுப் போய் அட்லான்டிக் கடல்ல கொட்டிட்டு வந்ததா, டாப்ஸ்ல அந்த அட்டைகளை உருவாக்கின சை பெர்கரே பிற்பாடு சொல்லியிருக்கார். மிஞ்சினது கொஞ்சம். அதிலும் மூலை மழுங்காம மிஞ்சினது ரொம்பக் கொஞ்சம். நூறு கோடிக்குப் போன அட்டைக்குத் தரத்தில் பத்துக்கு ஒன்பதரை மார்க்! பழைய அட்டைக்கெல்லாம் விலை ஏறுதுன்னு தெரிஞ்சதும் 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆளாளுக்குப் பெட்டி பெட்டியா வாங்கிப் பிரிக்காமயே பூட்டி வெச்சாங்க. கம்பெனிகளும் அச்சடிச்சுத் தள்ளினாங்க. இன்னிக்கு அதில் முக்கால்வாசி அட்டைகளைச் சீந்த ஆள் இல்லை. எல்லார்கிட்டேயும் பத்திரமா இருக்கே!

நம்ம ஊர்ல உல்டா. யாருமே பத்திரப்படுத்தலை. விளையாடித் தேய்ச்சாங்க, ஸ்கூல்ல வாத்தியார் பிடுங்கினார், அம்மா பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டாங்க. ‘பிக் ஃபன்’ படங்கள்ல ரன்னும் விக்கெட்டும் போட்டிருக்கும். அதைச் சேர்த்துக் கடையில் கொடுத்துப் பரிசு வாங்கிட்டோம்ங்கிறார் சித்தப்பா. ஆக, மிச்சம் கம்மிதான். வேணும்ங்கிறவங்களும் கம்மி. அந்தக் காலத்தில் மண்டி போட்டு விளையாடி, இன்னிக்கு நாற்பதைத் தாண்டி, கையில் சம்பளம் இருக்கிறவங்க மட்டும்தான்.

ரெண்டு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து 214 அட்டையையும் தரம் பிரிச்சோம். என் பங்குக்கு வெர்னியர் காலிப்பர். சிரிக்காதீங்க! அட்டையில் படத்தைச் சுத்தி வெள்ளை ஓரம் இருக்கில்லையா, அது இடது, வலது ரெண்டு பக்கமும் சமமா இருந்தா முழு மார்க். ஒரு பக்கம் 70, மறுபக்கம் 30ன்னு சாய்ஞ்சா மார்க் அவுட். அது போக நாலு மூலை, விளிம்பு, மேல்பரப்பில் கீறல்... எல்லாம் பார்க்கணும். நான் அளந்து அளந்து லேப் ரெக்கார்டு மாதிரி எழுதிக்கிட்டே வந்தேன்.

‘‘ஏன் சித்தப்பா, இந்தக் கட்டுல மட்டும் எல்லாமே வலது பக்கமா சாய்ஞ்சிருக்கு?’’

அவ்வளவுதான். பிரஸ் மூடினதில் இருந்து சுருங்கிக்கிடந்த மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். ‘‘அட்டையைத் தனித்தனியாவாடா அடிப்பாங்க? ஒரு பெரிய ஷீட்ல எல்லா ஆளையும் சேர்த்து அடிச்சு, நூத்துக்கணக்குல அடுக்கி, கட்டிங் மெஷின்ல கொடுப்பாங்க. கத்தி இறங்கும்போது பேப்பரைக் கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போகும். மேல இருக்கிற ஷீட்டு நகரும். கிளாம்ப் சரியா இறுக்கலைன்னா இன்னும் மோசம். இது மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெட்டின கட்டு போல இருக்கு!’’ லென்ஸை வெச்சுப் புள்ளிகளைக் காட்டினார். ஆஃப்செட்டில் அச்சான படத்தில் நாலு கலர் புள்ளிகளும் ஒரு ஒழுங்கில் பூ மாதிரி கூடியிருக்கும். இங்க்ஜெட்டில் எடுத்த நகல்னா மைத் துளிகள் கண்டபடி தெறிச்சிருக்கும். மூணு வருஷ இன்ஜினீயரிங்கில் எந்த லேப்லயும் எனக்கு இப்படிப் புரிஞ்சதில்லை.

எங்களை உறுத்தின விஷயம் வேற. சித்தப்பா உயிரா வெச்சிருந்த அண்டர்டேக்கர் மூலை உருண்டு, நடுவில் மடிஞ்சு, பத்துக்கு ரெண்டு. அவருக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒரு கிரிக்கெட் கட்டு, அத்தை பிறந்தநாளுக்குக் கொடுத்தது, பெட்டியோட அப்படியே இருக்கு. பத்துக்கு எட்டு, தாராளமா!

நெட்டில் விலை தேடினா தலை சுத்தும். ஒருத்தர் ஒரு கட்டுக்கு ஐயாயிரம் போட்டிருப்பார், இன்னொருத்தர் ஐம்பதாயிரம். கேட்கிற விலையை விடுங்க, வித்து முடிஞ்ச விலையைப் பாருங்க. ‘ஈபே’யில் வித்ததை மட்டும் பிரிச்சுக் காட்டுற வசதி இருக்கு. என்ன, ஈபேயோட இந்தியக் கடையை 2018-லயே மூடிட்டாங்க. வெளிநாட்டுக் கணக்கை வெச்சு ஒரு மாதிரி குத்துமதிப்பா பட்டியல் போட்டேன். சித்தப்பாகிட்ட தொகையைச் சொன்னேன். பத்தாயிரம் வந்தா பெரிசு. கொஞ்ச நேரம் டின்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். ‘‘சரிடா, அதாவது வரட்டும்’’னார்.

அந்த வாரமே ஒரு போன். ‘உங்க கார்டுகளை மூணு லட்சத்துக்கு எடுத்துக்கிறோம். ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜ் 2,500 மட்டும் முன்னாடி போடுங்க.’ டிராக்டர் படம் போட்ட பழைய அஞ்சு ரூபாய் நோட்டுக்கு லட்சம் தர்றோம்னு சுத்துற அதே கோஷ்டிதான். இந்த மாதிரி நோட்டு, நாணய ஏமாத்து வேலையில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ கேட்டா நம்பாதீங்கன்னு 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டிருக்கு. வாங்குறவன் எதுக்கு நம்மகிட்ட பணம் கேட்கிறான்? இந்த ஒரு கேள்வியில் போன் கட்!

உண்மையாவே வாங்க வந்த முதல் ஆள் பனகல் பார்க்கில் சந்திக்கச் சொன்னார். டின்னைத் திறந்து பார்த்துட்டு, ‘‘மொத்தமா 800 ரூபா’’ன்னார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள தன் பையில் இருந்து ஒரு பேஸ்பால் அட்டையை எடுத்து, ‘‘இது 1950-கள்ல அமெரிக்காவுல அடிச்ச ஒரிஜினல். வேணும்னா உங்க டின்னுக்குப் பதிலா இதைக் கொடுத்துட்டுப் போறேன்’’னார். சித்தப்பா லென்ஸை எடுத்தார். பத்து செகண்ட். ‘‘சார், இது இங்க்ஜெட். போன தீபாவளிக்கு அடிச்சிருப்பாங்க.’’ அந்த ஆள் பார்க்கைச் சுத்தி வாக்கிங் போறவங்களோட கலந்து காணாமப் போயிட்டார்.

ரெண்டாவது ஆள் அடையாறு காந்தி நகர். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை, வயசு நாற்பத்தஞ்சு இருக்கும். மாடி ரயில்ல கஸ்தூரிபா நகர் ஸ்டேஷன் இறங்கிப் போனோம். ஒவ்வொரு அட்டையின் குறையையும் நான் பட்டியல்ல எழுதியிருந்தேன். ‘மூலை மழுங்கல், பின்னால பேனா எழுத்து’ன்னு. ‘‘குறையைச் சொல்லி விக்க வந்த முதல் ஆள் நீங்கதான்’’னு சிரிச்சார். பிரிக்காம இருந்த கிரிக்கெட் கட்டுக்கு 3,500. பிக் ஃபன்ல அவர்கிட்ட இல்லாத 24 படம், தலா 150. அப்புறம் ஸ்ரீகாந்த் படத்தைக் கையில் எடுத்தார். அவர் வரிசையில் அது ஒண்ணுதான் பாக்கியாம்.

பின்பக்கம் ஊதா பால்பாயின்ட் பேனாவில் ‘சீக்கா 70’னு கோணல்மாணலா எழுதியிருக்கு. 1987 அக்டோபர் 9, சேப்பாக்கம். உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாகிட்ட இந்தியா ஒரே ஒரு ரன்ல தோத்த மேட்ச். ஸ்ரீகாந்த் 70 அடிச்சார். சித்தப்பாவுக்கு அப்போ எட்டு வயசு. ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதினது.

‘‘எழுத்து இல்லைன்னா 1,500 தருவேன். இதுக்கு 400’’ன்னார் அவர்.

எனக்கு மனசு கேட்கலை. ‘‘சித்தப்பா, இதை மட்டும் வெச்சுக்கலாமே...’’

‘‘வெச்சுக்கிட்டு என்னடா பண்றது? சார், நானூறைச் சேர்த்துக் கணக்குப் போடுங்க.’’

மொத்தம் 7,500. ரிச்சி தெருவில் கைமாறின லேப்டாப் ஒண்ணு 18,000-க்குப் படிஞ்சுது. மிச்சத்தை அப்பாவும் சித்தப்பாவும் பாதிப் பாதி போட்டாங்க. தங்கச்சி அதில்தான் இப்போ அசைன்மென்ட் தட்டுறா. பேட்டரி ஒரு மணி நேரம்தான் நிக்குது.

டபிள்யூ.டபிள்யூ.எஃப் கட்டு மட்டும் விக்கலை. ரெண்டு அட்டை குறையுது. குறையோட 1,200, முழுசா இருந்தா 4,000ன்னு அடையாறுக்காரர் சொல்லியிருக்கார். அதனால இப்போ நாங்க வாங்குற பக்கம் வந்துட்டோம். ஞாயித்துக்கிழமை ஆனா லஸ் கார்னர் பழைய புத்தகக் கடை, பழைய பேப்பர் கடைன்னு சித்தப்பா லென்ஸும் கையுமா அலையறார். உங்க வீட்டுப் பரண்ல ஒரு கட்டு கிடந்தா கொஞ்சம் பாருங்க பாஸ். ரப்பர் பேண்டு மட்டும் போட்டு வைக்காதீங்க, விளிம்பை வெட்டிரும்.